கரிமத் தடம்: சொல்லும் பொருளும்

பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் 'கார்பன் ஃபுட்பிரிண்ட்' என்ற தொடர் தவறாமல் கண்ணில் படும். தமிழில் இதைக் கார்பன் தடம், கார்பன் கால்தடம், கரிம அடிச்சுவடு என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். நான் 'கரிமத் தடம்' என்றே எழுதுகிறேன்.

முதலில் பொருள். ஒரு மனிதரோ நிறுவனமோ இயங்குவதால் காற்றில் சேரும், பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களின் மொத்த அளவுதான் கரிமத் தடம். கரியமில வாயு மட்டுமல்ல, மீத்தேனும் ஏசியிலிருந்து கசியும் வாயுவும்கூட இதில் அடங்கும். எல்லாவற்றையும் சூடாக்கும் திறனில் அவற்றுக்கு இணையான கரியமில வாயுவாக மாற்றி, டன் கணக்கில் சொல்வார்கள். பல ஏசிகளில் உள்ள ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால், அது 2,000 கிலோ கரியமில வாயுவுக்கும் மேல்.

சொல்லின் கதை கனடாவின் வான்கூவரில் தொடங்குகிறது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ரீஸ் 1992-இல் 'சூழலியல் தடம்' என்ற கருத்தை எழுதினார். அவருடைய மாணவர் மாத்திஸ் வாக்கர்நாகல் அதைக் கணக்கிடும் முறையை வளர்த்தெடுத்தார். ஒரு நகரம் உண்பதற்கும் எரிப்பதற்கும் எத்தனை ஹெக்டேர் நிலம் தேவைப்படுகிறது என்பதே அவர்கள் போட்ட கணக்கு. ஆக, அன்று தடம் என்றால் பரப்பு. பின்னாளில் கரிமத்தை மட்டும் பிரித்து எடையாகச் சொல்லத் தொடங்கியபோதும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. 2000-களின் நடுவில் பிபி எண்ணெய் நிறுவனம் விளம்பரங்கள் மூலமும், அவரவர் தடத்தைக் கணக்கிடும் இணையக் கருவி மூலமும் இதை ஊரறிந்த சொல்லாக்கியது. எண்ணெய் எடுத்து விற்பவர்கள் தனிமனிதரிடம் கணக்குக் கேட்டது எனக்கு இன்னும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. நிறுவனங்களின் கணக்கல்லவா முதலில் வர வேண்டும்?

அந்தக் கணக்குக்கான பொதுவிதிகள் 2001-இல் வந்தன. அவை தடத்தை மூன்று வரம்புகளாகப் பிரிக்கின்றன. நிறுவனம் தானே எரிப்பதும் கசியவிடுவதும் முதல் வரம்பு: கரண்ட் போனால் ஓடும் ஜெனரேட்டர், கம்பெனி வண்டிகள், ஏசி வாயு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. வாங்கும் மின்சாரம் இரண்டாம் வரம்பு. நிலக்கரியை நம்பியிருக்கும் இந்தியாவில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. விமானப் பயணம், ஊழியர்கள் வீட்டிலிருந்து வந்துபோவது, கட்டடத்துக்கு வாங்கிய சிமென்ட், இரும்பு எல்லாம் மூன்றாம் வரம்பு. பல நிறுவனங்களில் இதுதான் மிகப் பெரியது. ஆனால் பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி 2022-23 முதல் சந்தையில் பட்டியலிட்ட 1,000 பெரிய நிறுவனங்களிடம் கட்டாயமாக்கிய அறிக்கையில் மூன்றாம் வரம்பு விருப்பப் பகுதியில்தான் வைக்கப்பட்டது. பெரியதை விட்டுவிட்டுச் சிறியதைக் காட்ட இது வழிவிடுகிறது.

சரி, தடத்தை எப்படிக் குறைப்பது? ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் 2011-இல் ஒரு கட்டடத்தைச் சரிபாதியாகப் பிரித்தது. ஒரு பாதியில் வழக்கமான ஏசி, அதுவும் நன்றாகத் திட்டமிட்டு அமைத்தது. மறுபாதியில் கான்கிரீட் தளத்துக்குள்ளேயே குழாய் பதித்துக் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். தளம் குளிர்ந்து அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். காற்றைவிட நீர் வெப்பத்தை எளிதாகச் சுமக்கும் என்பதால் பெரிய மின்விசிறிகளுக்கு வேலை குறைவு. மூச்சுவிடத் தேவையான காற்றை மட்டும் தனியாக உலர்த்தி அனுப்பினால் போதும். ஒரே வெயில், ஒரே வகை வேலை. இரண்டு ஆண்டுகள் அளந்து பார்த்தபோது, குழாய் பதித்த பாதியில் குளிரூட்டச் செலவான மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பயணத்தில் இவ்வளவு நுட்பம் தேவையில்லை. விமானத்துக்குப் பதில் ரயில், நேரில் போவதற்குப் பதில் காணொலிக் கூட்டம், அப்புறம் பிசினஸ் வகுப்பைத் தவிர்ப்பது. அகலமான இருக்கை விமானத்தில் அதிக இடத்தை அடைப்பதால் அதன் கணக்கும் அதற்கேற்ப ஏறும்.

இனி தமிழ்ச் சொல். கார்பன் என்பதன் லத்தீன் வேர் கரியைக் குறிப்பது. ஆகவே 'கரிமம்' இயல்பாகவே பொருந்துகிறது. 'கால்தடம்' காலோடு நின்றுவிடும். 'தடம்' யானைக்கும் வண்டிக்கும் பொது. 'சுவடு' அழகான சொல்தான், ஆனால் மங்கிப்போன மிச்சம் என்ற சாயல் அதில் உண்டு. காற்றில் ஏறும் கரியமில வாயுவில் கணிசமான பகுதி நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே நிற்கிறது. நிலம், நீர், கழிவு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் 'சூழல் தடம்' என்று எழுதலாம்.

கூடவே வரும் இரண்டு சொற்களையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தன் உமிழ்வையே இறக்குவது 'தடக் குறைப்பு'. வேறிடத்தில் நடக்கும் குறைப்புக்குப் பணம் கொடுத்துக் கழித்துக்கொள்வது 'கரிம ஈடு'. இரண்டும் சேர்ந்து பூஜ்யத்துக்கு வந்தால் அது 'கரிமச் சமநிலை'. இன்ஃபோசிஸ் 2020-இல் இந்த நிலையை அறிவித்தபோது, கிராமத்து வீடுகளுக்கான சாண எரிவாயு, புகை குறைந்த அடுப்பு போன்ற ஈட்டுத் திட்டங்களும் கணக்கில் இருந்தன. அந்த அடுப்புகளால் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் எந்த நிறுவனத்தின் அறிக்கையானாலும் குறைத்தது எத்தனை டன், ஈடுகட்டியது எத்தனை டன் என்று தனித்தனியே எழுதியிருக்க வேண்டும்.