தெப்பக்குளத்துச் சுவரில் பதிமூன்று நிமிஷம்

காலை ஆறு மணிக்கு வண்டியூர் தெப்பக்குளத்துச் சுவரில் உட்கார்ந்து கண்ணை மூடினால் எனக்கு முதலில் வருவது அமைதி இல்லை, கேஸ் சிலிண்டர் புக் பண்ணாத ஞாபகம். அப்புறம் போன வாரம் மச்சினன் பேசிய பேச்சு, அதற்கு நான் சொல்லாமல் விட்ட பதில், அதை இப்போது சொல்லிப் பார்க்கும் ஒத்திகை. "நமக்குத் தியானமெல்லாம் வராதுப்பா" என்று பலரும் எழுந்து போவது இந்த இடத்தில்தான். வேலையே இனிமேல்தான் ஆரம்பம்.

மூளை சும்மா இருக்கும்போது சும்மா இருப்பதில்லை. பழசைக் கிளறும், நாளைக்குக் கவலைப்படும், நான், எனக்கு என்றே சுற்றும். இந்த நேரத்தில் சுறுசுறுப்பாகும் மூளைப் பகுதிகளுக்கு 2001-ல் மார்க்கஸ் ரைக்லே என்ற மூளை ஆய்வாளரின் குழு 'டீஃபால்ட் மோட்' என்று பேர் வைத்தது. 2010-ல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2,250 பேரை ஐபோன் வழியே நினைத்த நேரத்தில் கூப்பிட்டு, மனசு எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். 46.9 சதவீதத் தடவை மனசு வேறெங்கோ. அப்படி அலைந்தபோது சந்தோஷமும் குறைவு. இனிப்பான நினைப்பில் மிதந்தவர்கள்கூட, கைவேலையில் மனசு வைத்தவர்களைவிடக் கூடுதல் சந்தோஷமாக இல்லை, பாருங்கள்!

தியானத்தில் செய்வது இவ்வளவுதான்: மூச்சைக் கவனிப்பது, மனசு ஓடிவிட்டது என்று தெரிந்ததும் திட்டாமல் திரும்பி வருவது. அந்தத் தெரிகிற நொடிதான் ஒரு தண்டால். முப்பது தடவை ஓடினால் முப்பது தண்டால். நெடுநாள் பழகியவர்களுக்குத் தியானத்தின்போது அந்த டீஃபால்ட் பகுதிகள் அடங்கியிருப்பதை 2011-ல் ஸ்கேனில் பார்த்தார்கள்.

மூச்சு எதற்கு? மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பாருங்கள். உள்ளே இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் நெருக்கும், மெதுவாக விடும்போது இடைவெளி விழும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு, மூச்சை விடும்போதுதான் பிரேக்கை நன்றாக அழுத்துகிறது.

மாயம் எதுவும் இல்லை, சரியா. 2019-ல் வந்த ஓர் ஆய்வில், புதியவர்கள் தினம் 13 நிமிஷம் செய்தார்கள். நாலு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை, எட்டாவது வாரத்தில்தான் பதற்றம் குறைந்து மனநிலை தேறியிருந்தது. கடுமையான மனச்சோர்வு என்றால் டாக்டரைப் பார்ப்பதுதான் முதல் வேலை.

"என்னண்ணே, உக்காந்தே தூங்கிட்டீகளா?" என்று நடைப்பயிற்சிக்காரத் தம்பி இன்றைக்கும் கேட்டான். மச்சினன் மட்டும் பதினோரு தடவை வந்துபோனான். சிலிண்டரை எழுந்ததும் புக் பண்ணிவிட்டேன்.