இதய வால்வு ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. எந்த வால்வு என்று கேட்டீர்களா?

எனக்குத் தெரிந்த பெண் ஒருவர், வயது 23. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால், இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு கெட்டுப்போய், மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் தேதி தள்ளிக்கொண்டே போனது. காரணம் இதயம் இல்லை, ரேஷன் கார்டு. கல்யாணமானதும் அப்பா வீட்டுக் கார்டில் பெயரை நீக்கியாகிவிட்டது. கணவர் வீட்டுக் கார்டில் இன்னும் ஏறவில்லை. இரண்டு குடும்பத்திலும் இல்லாதவருக்கு எந்த அட்டையைக் கொடுப்பது என்று கவுண்டரில் கேட்டார்களாம். மூச்சு வாங்க நின்றவரிடம்!

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு மாற்று அறுவை சிகிச்சை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. பின்னணி அவ்வளவு போதும்.

இனி, மாட்டிக்கொள்ளும் இடங்கள். பெயர் நீக்கச் சான்று வாங்கிய கையோடு புதுக் கார்டில் சேர்த்துவிடுங்கள். ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் வேறு எழுத்து என்றால் இப்போதே திருத்துங்கள். மருத்துவமனையில் சேர்ந்த பிறகு அலைவதற்கு வீட்டில் ஆள் இருக்காது. வருமானச் சான்றில் வி.ஏ.ஓ. எழுதும் தொகையைக் கையில் வாங்கும்போதே படித்துப் பாருங்கள். கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றின் அசலும் போகட்டும். ஒன்று குறைந்தால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். அந்த நாளை திங்கட்கிழமையாகவும் இருக்கலாம்.

திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை என்று பலகை இருந்தால் மட்டும் போதாது. இதய அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். காப்பீட்டு அனுமதி வருமுன் "முதலில் கட்டுங்கள், அப்புறம் திருப்பித் தருகிறோம்" என்றால் கட்டாதீர்கள். "நல்ல வால்வுக்குத் தனியாகக் கொடுங்கள்" என்றாலும் அப்படியே. பணத்தை எடுக்கும் முன் 1800 425 3993 எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

எந்த வால்வு என்ற பேச்சு, அனுமதி கேட்டு விண்ணப்பம் போவதற்கு முன்பே நடக்க வேண்டும். பெரும்பாலும் அது நடப்பதில்லை. கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள். பலூன் வைத்து விரிக்க முடியுமா, பழுதுபார்க்க முடியுமா என்பதை முதலில் கேளுங்கள். முடியாது என்றால் இரண்டு வழி: உலோக வால்வு, திசு வால்வு.

உலோக வால்வு பல பத்தாண்டுகள் உழைக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனம் உருவாக்கி, 1990 முதல் பொருத்தப்பட்டுவரும் சித்ரா வால்வும் இந்த வகைதான். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரை ஆயுள் முழுக்க வேண்டும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையும் விடாமல் எடுக்க வேண்டும். மைட்ரல் என்றால் அந்த அளவு வழக்கமாக 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பணம் தரும் திட்டம் இந்த மாதாந்தரச் செலவையும் சுமக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரத்தில் ஐஎன்ஆர் பார்க்கிறார்கள், அரசு மருத்துவமனையில் பார்க்கிறார்களா என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

விலங்குத் திசுவில் செய்த திசு வால்வுக்கு ஆயுள் முழுக்க அந்த மாத்திரை பொதுவாகத் தேவைப்படாது. ஆனால் இளம் வயதில் அது சீக்கிரம் தேயும். பத்து, பதினைந்து வருடத்தில், சிலருக்கு அதற்கும் முன்பே, மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும். அப்போது வீட்டு வருமானம் வரம்பைத் தாண்டியிருந்தால் இந்த அட்டை கைகொடுக்காது. இதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

குழந்தை பெறும் ஆசை இருக்கும் பெண்கள் அதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மாமியார் பக்கத்தில் நின்றால் வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள். வார்ஃபரின் கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரத்தில் சிசுவின் உறுப்புகளைப் பாதிக்கலாம். அதற்குப் பயந்து தானாக மாத்திரையை நிறுத்தினால் வால்வில் ரத்தக்கட்டி அடைத்து உயிரே போகலாம். உலோக வால்வு வைத்தவர்கள் நாள் தள்ளிப்போனால், அன்றைக்கே, மாத்திரையை நிறுத்தாமல், இதய மருத்துவரிடம் போங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று வால்வு அட்டை என்று சின்னதாக ஒன்று தருவார்கள். வகை, அளவு, வரிசை எண் அதில் இருக்கும். பலர் பில்லோடு சேர்த்துத் தொலைத்துவிடுகிறார்கள். போனில் படம் எடுத்து வையுங்கள். பல் பிடுங்கப் போனாலும் முதலில் அதைத்தான் காட்ட வேண்டும்.