சாம்பல் நிறம் பூட்டு ஆகாது

போன வாரம் மறுபடியும் அதே அழைப்பு. "ஒப்புதல் தேதி ஃபீல்டை யாரும் தொட முடியாதுன்னு சொன்னீங்களே, எப்படி மாறிச்சு?" வேலைகளை டிக்கெட்டுகளாகப் பதிந்து பின்தொடரும் மென்பொருளான ஜிராவில் ஹிஸ்டரியைத் திறந்தேன். 43 டிக்கெட்டுகளில் ஒரே நேரத்தில் தேதி மாறியிருந்தது. மாற்றியவர் ஹேக்கர் இல்லை, அதே டீமில் இருப்பவர். பல டிக்கெட்டுகளை ஒரே நேரத்தில் மாற்றும் பல்க் எடிட்டில் வேறு எதையோ மாற்றப் போனவர் இதையும் டிக் செய்துவிட்டார்.

அந்த ஃபீல்டை எப்படிப் 'பூட்டியிருந்தார்கள்' என்று பார்த்தேன். ஃபீல்டின் விளக்கத்துக்குள் நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட். பக்கம் திறந்ததும் பெட்டி சாம்பல் நிறமாகிவிடும், அவ்வளவுதான். சொந்த சர்வரில் ஓடும் பழைய ஜிராக்களில் இந்த வித்தையை எத்தனை முறை பார்த்துவிட்டேன்!

ஒரு விஷயத்தை எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது எனக்கு. சாம்பல் நிறம் என்பது உங்கள் பிரவுசர் காட்டும் வேஷம். எச்டிஎம்எல்லில் ரீட்ஒன்லி என்று குறித்த பெட்டியின் மதிப்பு படிவத்தோடு சர்வருக்குப் போகத்தான் செய்யும். டிஸேபிள்டு என்று குறித்தால் போகாது. ஆனால் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து அந்த ஒரு சொல்லை அழித்தால் இரண்டுமே திறந்துவிடும். டிராப்-டவுன், செக்பாக்ஸுக்கெல்லாம் ரீட்ஒன்லி வேலையே செய்யாது. பல்க் எடிட், சிஎஸ்வி இம்போர்ட் (கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றுவது), ஏபிஐ (வேறு புரோகிராம்கள் ஜிராவோடு நேரடியாகப் பேசும் வழி) இவை எதுவும் உங்கள் படிவத்தைத் திறப்பதே இல்லை. அப்புறம் அதில் பூசிய சாயம் அவற்றை எப்படித் தடுக்கும்? 'வேண்டாம்' என்று சர்வர் சொன்னால்தான் அது பூட்டு. காசு கொடுத்து வாங்கிய பிளகினாக இருந்தாலும் இதே கதைதான். ஸ்கிரிப்ட்ரன்னர் என்ற ஜிரா பிளகினில் படிவத்தின் ஃபீல்டுகளைக் கட்டுப்படுத்தும் பிஹேவியர்ஸ் அருமையான கருவி, நானே தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதன் ஆட்சி படிவத்தின் எல்லையோடு முடிந்துவிடும்.

(ஜிராவைப் போன்ற இன்னொரு மென்பொருளான ரெட்மைனைப் பயன்படுத்துபவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். அங்கே, டிக்கெட் எந்த நிலையிலிருந்து எதற்குப் போகலாம் என்று வகுக்கும் வொர்க்ஃப்ளோ பக்கத்திலேயே ரோல்வாரியாக, ஸ்டேட்டஸ்வாரியாக ஒரு ஃபீல்டை ரீட்-ஒன்லி ஆக்கிவிடலாம். ஜிராவில் ஃபீல்டுக்கென்று தனி அனுமதி கிடையாது. அந்தப் பொறாமை எனக்கு ரொம்ப நாளாக உண்டு.)

சரி, ஜிராவில் என்னதான் செய்வது? அந்த ஃபீல்டை எடிட் ஸ்கிரீனிலிருந்து எடுங்கள், வியூ ஸ்கிரீனில் மட்டும் வையுங்கள். இதற்கு இரண்டுக்கும் தனித்தனி ஸ்கிரீன் வேண்டும். ஒரே ஸ்கிரீனை எல்லாவற்றுக்கும் மாட்டிவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள். இப்படி எடுத்துவிட்டால் ஏபிஐ வழியாக எடிட் செய்ய வருபவருக்கும் 'இந்த ஃபீல்டு உரிய ஸ்கிரீனில் இல்லை' என்று சர்வரே பிழை காட்டித் திருப்பி அனுப்பும். மதிப்பை யாராவது நிரப்பியாக வேண்டுமென்றால் ஒரு டிரான்சிஷன் ஸ்கிரீனில் (டிக்கெட் ஒரு ஸ்டேட்டஸிலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போது வரும் படிவம்) அதை வைத்து, அந்த டிரான்சிஷனை யார் நடத்தலாம் என்று கண்டிஷன் போடுங்கள். முடிந்த டிக்கெட்டை யாரும் எடிட் செய்யாதபடி உறைய வைக்க, அந்த ஸ்டேட்டஸுக்கு 'ஜிரா.இஷ்யூ.எடிட்டபிள்' என்ற பிராபர்ட்டியை ஃபால்ஸ் என்று கொடுத்தால் போதும்.

பழைய டிரான்சிஷன் ஸ்கிரீன்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஏதோ ஒன்றில் அந்த ஃபீல்டு ஒட்டிக்கொண்டிருக்கும், எப்போதும் இருக்கும். பல்க் சேஞ்ச் குளோபல் பர்மிஷன் (பல்க் எடிட் செய்யும் உரிமை) யார் யாரிடம் இருக்கிறது என்றும் பாருங்கள். முக்கால்வாசி இடங்களில் லாகின் உள்ள எல்லாரிடமும் இருக்கிறது. எதற்கு?

தயவுசெய்து, அட்மின் கணக்கில் சோதித்துவிட்டு 'வேலை செய்கிறது' என்று சொல்லாதீர்கள். சாதாரணப் பயனராக உள்ளே வந்து, படிவத்தில் ஒரு முறை, பல்க் எடிட்டில் ஒரு முறை, ஏபிஐயில் ஒரு முறை மாற்றப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

இன்னொன்று: மதிப்பு இல்லாத கஸ்டம் ஃபீல்டு வியூ பக்கத்தில் தெரியாமல் போகலாம். 'ஃபீல்டைக் காணோம்' என்று அடுத்த நாளே டிக்கெட் வரும். பதறாமல், அதில் மதிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.