சிவப்பாகத் தெரிந்தால் எரிகிறது என்று அர்த்தமில்லை

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரருக்கு அவருடைய தோப்பின் செயற்கைக்கோள் படத்தை லேப்டாப்பில் காட்டினேன். பதறிவிட்டார். "ஏனுங் தம்பி, தோப்பு இப்படிப் பத்தி எரியுதுங்களா?"

இல்லைங்க, அது செழிப்பு. நல்ல பச்சை இலை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். அதைத் திரையில் காட்ட ஒரு நிறம் வேண்டுமே என்று சிவப்பைக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

அதே மனிதர் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். 'கடலில் முளைத்த புதுத் தீவு' என்று தலைப்பு, நடுவே சிவப்புத் திட்டு, தேதி கிடையாது. பார்த்தால் ஜப்பானின் நிஷினோஷிமா என்ற எரிமலைத் தீவு மாதிரி இருந்தது. டோக்கியோவுக்குத் தெற்கே சுமார் 1000 கிலோமீட்டர். 2013 நவம்பரில் அதன் பக்கத்தில் எழும்பிய குட்டித் தீவு, அடுத்த மாதமே பழைய தீவோடு ஒட்டிக்கொண்டது. இந்தப் படத்தில் சிவப்பு நிஜமாகவே சூடுதான். படம் எடுத்த ஒளியின் வகை (அலைவரிசை) வேறு.

சரி, தீவு எவ்வளவு வளர்ந்தது என்று அளப்பது சுலபமா? எங்கள் ஊர்க் குளங்களை அளந்தவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். ஆகாயத்தாமரை மூடிய தண்ணீரைக் கணினி நிலமாகக் கணக்கு போட்டுவிடும். ஒரு முறை கரையில் நின்று பார்த்த பிறகுதான் என் வரைபடத்தில் பாதி 'நிலம்' மிதந்துகொண்டிருந்தது புரிந்தது. எரிமலை வெடிக்கும் கடலில் அப்படி ஏமாற்றுவது மிதக்கும் நுரைக்கல், அதாவது எரிமலை கக்கும் துளைகள் நிறைந்த லேசான கல். 2021 ஆகஸ்டில் ஜப்பானின் ஃபுகுடோகு-ஒகனோபா என்ற கடலடி எரிமலை வெடித்தபோது வந்த நுரைக்கல், அக்டோபரில் ஒகினாவா துறைமுகங்களையே அடைத்தது. அங்கே எழும்பிய தீவை அலைகள் சில மாதங்களில் கரைத்துவிட்டன. அலை ஏற்றம், இறக்கம் பார்க்காமல் இரண்டு படங்களை ஒப்பிட்டாலும் தீவு வளர்ந்ததாகத் தோன்றும்.

அப்புறம் மேகம். 2018 டிசம்பர் 22 இரவு இந்தோனேசியாவின் அனாக் கிரகடோவா எரிமலைத் தீவின் ஒரு பக்கம் சரிந்து, சுனாமியில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். மறுநாள் விடியலில் சென்டினல்-1 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் ரேடார்தான் மேகத்தையும் சாம்பலையும் ஊடுருவி, மலையின் ஒரு பக்கமே காணாமல் போனதைக் காட்டியது. 338 மீட்டர் உயரம் சுமார் 110 ஆனது. தென்மேற்குச் சரிவு பல மாதங்களாகவே நகர்ந்துகொண்டிருந்தது பழைய ரேடார் படங்களில் பதிவாகியிருந்தது. ஆனால் சரிந்த பிறகுதான் தோண்டிப் பார்த்தார்கள். செயற்கைக்கோள் சில நாட்களுக்கு ஒரு முறை வந்து போகிற ஆள், இருபத்து நாலு மணி நேரக் காவலாளி அல்ல.

தோப்புக்காரரிடம், "படம் எந்தத் தேதிங்க, எந்தச் செயற்கைக்கோள்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பாக்கலீங்க, வந்துச்சு, தட்டி உட்டுட்டேன்" என்றார்.