கதவோர ஸ்டிக்கரைப் படித்துவிட்டு டயர் வாங்குங்கள்

கிருஷ்ணகிரியில் டயர், வீல் அலைன்மென்ட் தொழில் செய்கிறேன். சென்னை, பெங்களூரு, சேலம் சாலைகள் கூடும் ஊர் என்பதால் எல்லா வகை வண்டியும் எங்கள் கடைக்கு வரும். சில ஆண்டுகளாக ஸ்போர்ட்ஸ் கார்களும் வருகின்றன. அவற்றில் ஒரு பகுதி, பெங்களூரிலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்களுடையவை. மற்றவை நம் மாவட்டத்துக்காரர்கள் பெங்களூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கிவந்தவை. பின்னால் சொன்னவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவர்கள் கார் வாங்கும்போதே தவறான டயரையும் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள்.

வந்ததும் கேட்பது, "எந்த பிராண்ட் நல்லது அண்ணா?" என்பதுதான். அந்தக் கேள்விக்குக் கடைசியில்தான் பதில் சொல்வேன். முதலில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்க்கச் சொல்வேன். சில கார்களில் அது பெட்ரோல் டேங்க் மூடியின் உட்புறம் இருக்கும். முன் சக்கரத்துக்கு என்ன அளவு, பின் சக்கரத்துக்கு என்ன அளவு, எவ்வளவு காற்று என்று அதில் எழுதியிருக்கும். ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் முன்னும் பின்னும் ஒரே அளவு கிடையாது என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிகிறது.

அண்மையில் வந்த கார் ஒன்றைச் சொல்கிறேன். நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும் வகை அது. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து எரிந்து அணைந்தன. சென்சார் கோளாறு என்று வேறோர் இடத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். லிஃப்டில் ஏற்றி டயரில் எழுதியிருப்பதைப் படித்தேன். முன்னால் 225/45 ஆர்18, அது சரி. பின்னால் 255/40 ஆர்18 இருக்க வேண்டும், ஆனால் 255/45 இருந்தது. விற்றவர் கையில் கிடைத்ததை மாட்டி விற்றிருக்கிறார்.

இந்த 40க்கும் 45க்கும் என்ன வித்தியாசம் என்று காரைக் கொண்டுவந்த தம்பி கேட்டார். 225 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் முன் டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ 660 மி.மீ. சரியான பின் டயர் 661 மி.மீ. அகலம் வேறாக இருந்தாலும் உயரம் ஒன்றாக வரும்படி நிறுவனம் அமைத்திருக்கிறது. மாட்டியிருந்த டயரோ 687 மி.மீ. அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட ஏறத்தாழ 19 சுற்று கூடுதலாகச் சுற்றுகிறது. கார் நேராகப் போகும்போதே சக்கரம் வழுக்குவதாக ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் அமைப்பு) கம்ப்யூட்டர் எண்ணிக்கொள்கிறது. முன் பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி ஓயாமல் இழுபட்டுச் சூடாகிறது. அந்தப் பெட்டி பழுதானால் ஆகும் செலவில் டயரைப் பல முறை மாற்றிவிடலாம்.

அளவை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 225/45 ஆர்17 ஓடும் காருக்கு 18 அங்குல ரிம் போட ஆசைப்பட்டால், 225/40 ஆர்18 பொருந்தும். உயரம் 634 மி.மீ.க்குப் பதில் 637 மி.மீ. ஆகும், அவ்வளவுதான். 2 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் நான் மாட்டிக் கொடுப்பதில்லை. டயர் 3 சதவீதம் உயரமானால், மீட்டர் 100 காட்டும்போது கார் 103இல் ஓடும். ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்ற அளவு) பொருந்தாவிட்டால் வளைவில் திருப்பும்போது டயர், சக்கரத்தை மூடியிருக்கும் ஃபெண்டரில் உரசும்.

ஆனால் ஒன்றை மனத்தில் வையுங்கள். 235/35 ஆர்19 டயரில் பக்கச்சுவர் 82 மி.மீ. மட்டுமே. நான்குவழிச் சாலையில் பிரச்சினை இல்லை. ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இரவில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ரிம் வளையும், அல்லது பக்கச்சுவர் வீங்கும். வீங்கிய டயருக்கு வைத்தியம் கிடையாது, உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று பொருள். பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் ரிம்மில் இடிக்காது என்றால், நம் ஊர்ச் சாலைகளுக்கு ஓர் அங்குலம் சிறிய ரிம்மும் உயரமான பக்கச்சுவரும்தான் என் பரிந்துரை. பார்க்க அழகு கொஞ்சம் குறையும்.

அளவுக்குப் பின்னால் இருக்கும் எண்ணையும் எழுத்தையும் யாரும் படிப்பதில்லை. 91 டபிள்யூ என்றிருந்தால், அந்த டயர் 615 கிலோ தாங்கும், மணிக்கு 270 கி.மீ. வேகம் வரை தாங்கும். வி என்றால் 240, எச் என்றால் 210, ஒய் என்றால் 300. "நான் 140ஐத் தாண்டுவதே இல்லை, எச் போதாதா?" என்று கேட்கிறார்கள். அந்த எழுத்து வேகத்தை மட்டும் குறிப்பதில்லை. சூட்டை டயர் எப்படித் தாங்கும், கனமான காரை வளைவில் எப்படிப் பிடித்து நிறுத்தும் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. சித்திரை வெயிலில் தருமபுரி சாலையில் ஒரு மணி நேரம் ஓடிய டயரைத் தொட்டுப் பாருங்கள். ஸ்டிக்கரில் இருக்கும் எடை எண்ணையும் வேக எழுத்தையும்விடக் குறைந்ததை வாங்காதீர்கள்.

அடுத்து வயது. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. 2020 ஜூனில் வெளிநாட்டுப் புது டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. உரிமம் பெற்றே இறக்குமதி செய்ய முடியும் என்பதால், பெரிய அளவுகளுக்குக் காத்திருக்க நேரிடுகிறது. அந்த அவசரத்தில் கிடங்கில் கிடந்த பழைய டயர் உங்கள் தலையில் கட்டப்படலாம். இலக்கத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் கார் பெரும்பாலும் உறை போட்டு நிற்கும் வண்டி. பட்டன் (சாலையில் பதியும் ரப்பர் கட்டைகள்) தேயாமல் இருக்கும், ரப்பரோ இறுகி வெடிப்பு விட்டிருக்கும். ஐந்தாண்டு கடந்தால் ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். பத்தாண்டு ஆனால், பார்க்க எவ்வளவு புதிதாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

இனி பிராண்ட். மிஷலின் பைலட் ஸ்போர்ட், பிரெல்லி பி ஜீரோ, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்ஸா, குட்இயர் ஈகிள் எஃப்1, யோகோஹாமா அட்வான் எல்லாமே இந்த வகைக் கார்களுக்கென்று வடிவமைத்தவைதான். அப்போலோ நிறுவனத்தின் விரெடஸ்டீனும் இந்தப் போட்டியில் இருக்கிறது. இவற்றில் எதை எடுப்பது என்பது நீங்கள் ஓட்டும் சாலையைப் பொறுத்தது. தருமபுரியிலிருந்து சேலம் போகிறவர்கள் தொப்பூர் கணவாயின் இறக்கத்தை மழையில் கடந்தே ஆக வேண்டும். அங்கே முன்னால் போகும் லாரி திடீரென நின்றால், ஈரத்தில் நிற்கும் திறன்தான் காப்பாற்றும். அதனால் ஈரப்பிடிப்புக்குப் பெயர் பெற்ற டயரையே முதலில் காட்டுவேன். ரேஸ் பாதைக்கான அரை மொட்டை டயரை யாராவது மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதில் தண்ணீர் வெளியேறப் பள்ளம் போதாது, நனைந்த சாலையில் கார் மிதக்கும்.

போர்ஷே காருக்கு என்0, என்1, பி.எம்.டபிள்யூ.வுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்.ஓ. என்று கார் நிறுவனம் ஒப்புதல் கொடுத்த குறி சில டயர்களில் இருக்கும். கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால், நான்கு சக்கரத்துக்கும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலாக எடுங்கள். ஒரே அச்சில் இரண்டு பிராண்ட் மாட்டச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன்.

பழைய டயரைக் கழற்றும்போது உடன் நின்று, உள்பக்க ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் காரின் சக்கரங்கள் மேல்புறம் உள்நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கும். வெளிப்பக்கம் பட்டன் நிறைய இருக்கும்போதே, கண்ணுக்குப் படாத உள் ஓரம் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அந்தக் கம்பி விரலில் குத்தும்போது உரிமையாளர் முகம் வெளுத்துவிடும். அப்படி இருந்தால் அலைன்மென்ட் பார்க்காமல் புது டயர் போடுவது வீண் செலவு.

மாட்டும்போது, 'வெளிப்புறம்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட பக்கம் வெளியே தெரிகிறதா, அம்புக்குறி இருந்தால் சக்கரம் உருளும் திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். புது ரப்பரின் மேல் பூச்சு போகும்வரை முதல் 300 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள். 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு முறுக்க உதவும் ஸ்பானர்) வைத்து மறுபடி சரிபார்க்க வேண்டும். பெங்களூரில் டயர் மாற்றியவர்கள் அதற்காகத் திரும்பிப் போக வேண்டியதில்லை, வழியில் டார்க் ரெஞ்ச் உள்ள எந்தக் கடையிலும் கேட்கலாம். ஐந்து நிமிட வேலைதான்.