நியூக்ளியர்: அணுவா, அணுக்கருவா?

நியூக்ளியர் பவர் என்றால் தமிழில் அணுசக்தி. செய்தியிலும் பேச்சிலும் ஊறிப்போன சொல் இது. ஆனால் நியூக்ளியர் என்பதன் நேர்ப்பொருள் அணு அல்ல, அணுக்கரு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், அணுமின்சாரத்தின் நன்மை எங்கிருந்து வருகிறது, தொல்லை எங்கிருந்து வருகிறது என்பதும் புரிந்துவிடும். இரண்டும் வருவது ஒரே இடத்திலிருந்துதான்.

லத்தீனில் நக்ஸ் என்றால் கொட்டை. நியூக்ளியஸ் என்பது அந்தக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. 1831இல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் ஆர்க்கிட் செடியின் செல்லுக்குள் கண்ட உருண்டைக்கு இந்தப் பெயரை வைத்தார். அணுவின் நடுவே மிகச் சிறிய, கனமான மையம் ஒன்று இருப்பதாக 1911இல் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு சொன்னார். அதற்கும் இதே பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் செல்லுக்குள் இருப்பது உட்கரு, அணுவுக்குள் இருப்பது அணுக்கரு. பருப்பு என்று அப்படியே பெயர்க்காமல் கரு என்று போட்ட புண்ணியவான்கள் வாழ்க. இல்லாவிட்டால் அணுப்பருப்பு உலை என்றல்லவா எழுதிக்கொண்டிருப்போம்!

பிளவு (ஆங்கிலத்தில் ஃபிஷன்) என்பதும் உயிரியலிலிருந்து இயற்பியலுக்குக் கடன் போன சொல். 1938 கடைசியில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கியபோது அதைவிட மிக இலேசான பேரியம் கிடைத்தது. கரு இரண்டாகப் பிளந்திருக்கிறது என்று விளக்கியவர்கள் லிசே மைட்னரும் அவருடைய சகோதரி மகன் ஓட்டோ ஃபிரிஷும். ஒரு செல் இரண்டாவதற்கு என்ன பெயர் என்று ஃபிரிஷ் ஓர் உயிரியலாளரிடம் கேட்டு, அதையே எடுத்துக்கொண்டார்.

அணு என்ற சொல்லுக்கு வயது மிக அதிகம். மிக நுண்ணியது என்பது அதன் பொருள். வடமொழியிலும் இதே பொருளில் வழங்குகிறது. பழைய இந்தியத் தத்துவங்களில் ஒன்றான வைசேஷிகம் பரமாணு பற்றிப் பேசுகிறது. சைவ சித்தாந்தத்தில் அணு என்பது மலத்தால், அதாவது உயிரைப் பிணிக்கும் மாசால், சுருங்கிக் கிடக்கும் உயிரைக் குறிக்கும். ஆணவம் என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான். கிரேக்கர்கள் சொன்ன அட்டமோஸ் என்பதற்கு வெட்ட முடியாதது என்று பொருள். நம் புலவர்களுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. ‘அணுவினைச் சத கூறு இட்ட கோணினும் உளன்’ என்று கம்பனின் பிரகலாதன் சொல்கிறான். அணுவை நூறாகக் கூறுபோட்டால் கிடைக்கும் துண்டுக்குக் கோண் என்று பெயர்கூட இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு நம் முன்னோர் அணுக்கருவைப் பிளந்துவிட்டார்கள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். கவிஞன் நுண்மையின் எல்லையைத் தேடிப் போகிறான், அவ்வளவுதான்.

சரி, அணு என்றே சொல்லிவிட்டுப் போனால் என்ன குறை? நிலக்கரி எரிவதும் ஒருவகையில் அணுக்களின் வேலைதான் என்பதே குறை. கார்பனும் ஆக்சிஜனும் வெளிப்புற எலக்ட்ரான்களைப் பங்குபோட்டுக்கொண்டு சேர்கின்றன. இரண்டின் கருவும் அசையாமல் அப்படியே இருக்கும். இப்படி ஒரு கார்பன் அணு எரிந்தால் வரும் ஆற்றல் சுமார் 4 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் மிகச் சிறிய அலகு). ஒரு யுரேனியம் 235 கரு பிளந்தால் சுமார் 20 கோடி எலக்ட்ரான்வோல்ட். 1 கிலோ யுரேனியம் 235 முழுவதும் பிளந்து தரும் வெப்பத்தைப் பெற 2,500 டன்னுக்கு மேல் நிலக்கரியைக் கொளுத்த வேண்டும். ஆனால் இயற்கை யுரேனியத்தில் 235 என்ற வகை 0.7 சதவீதம்தான். பெரும்பாலான உலைகளுக்கு அதை 3 முதல் 5 சதவீதம் வரை செறிவூட்டுகிறார்கள். செறிவூட்டும் அதே எந்திரங்களை இன்னும் ஓட்டி 90 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் குண்டுக்கு ஆகும் என்பது இந்தத் துறையை விட்டு நீங்காத தலைவலி.

எரிதல் இல்லை என்பதால் புகையும் இல்லை. சுரங்கம், கட்டுமானம் எல்லாவற்றையும் சேர்த்து, காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக்குழு 2014இல் தந்த நடுமதிப்பு, ஒரு யூனிட் அணுமின்சாரத்துக்கு 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு. நிலக்கரிக்கு 820 கிராம். வெயில், காற்று எதற்கும் காத்திராமல் இரவு பகலாக ஓடும் என்பதும் பெரிய வசதி. நிலக்கரிப் புகையால் ஆண்டுதோறும் சத்தமில்லாமல் சாகிறவர்களைக் கணக்கில் எடுத்தால், அணுமின்சாரத்தைப் பற்றிய பொதுவான பயம் அளவுக்கு மீறியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் கருவில் நடப்பது வேதிவினை இல்லை என்பதே எதிர்ப்பக்கமும் வேலை செய்கிறது. வேதிக் கழிவை எரிக்கலாம், கரைக்கலாம், வேறொன்றோடு சேர்த்து நஞ்சை முறிக்கலாம். கதிரியக்கத்தை அப்படி முறிக்க முடியாது. தீயும் அமிலமும் எலக்ட்ரானோடு நின்றுவிடும், கருவைத் தொடாது. தானாகச் சிதைந்து தீரும்வரை காத்திருப்பதே நடைமுறை. சீசியம் 137 பாதியாகக் குறைய 30 ஆண்டு, புளூட்டோனியம் 239 பாதியாகக் குறைய 24,000 ஆண்டு. பின்லாந்தில் ஓங்கலோ என்ற இடத்தில் கழிவைப் புதைத்து வைக்க 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்து வைத்திருப்பது இதற்காகத்தான். இதில் கழிவு என்ற சொல்லும் கொஞ்சம் இடறுகிறது. உலையிலிருந்து எடுத்துப் போடுவதில் சுமார் 95 சதவீதம் இன்னும் யுரேனியமாகவே இருக்கும். பிரான்ஸ் அதைப் பிரித்து ஒரு பகுதியை மறுபடி பயன்படுத்துகிறது.

இந்தக் கலைச்சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது உலை. 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு இயக்கிய முதல் உலைக்கு ரியாக்டர் என்ற பெயர் இல்லை. கிராஃபைட் கட்டிகளை அடுக்கிய குவியல் என்பதால் ‘பைல்’ என்றார்கள். ரியாக்டர் என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வினைக்கலன் என்று வரும். நல்லவேளை, தமிழில் உலை நிலைத்தது. கொல்லன் மூட்டும் நெருப்பும் உலை, அரிசி போடக் கொதிக்கும் நீரும் உலை. இங்கேயும் வெப்பத்தால் நீரைக் கொதிக்க வைத்து, ஆவியை விட்டு விசையாழியைச் சுற்றுகிறார்கள். பிழைப்புக்கு உலை வைத்துவிட்டான் என்று ஒரு வழக்கும் இருக்கிறதே! எதிர்ப்பாளர்களுக்கு அதுவும் கைகொடுக்கும்.

இந்தச் சொல் ஏமாற்றுவது ஓரிடத்தில்தான். நெருப்பை அணைத்தால் கொல்லன் உலை ஆறிவிடும். நியூட்ரானை விழுங்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளை இறக்கி, ஒரு பிளவு அடுத்த பிளவைத் தூண்டும் தொடர்வினையை நிறுத்தினாலும் அணு உலை உடனே ஆறாது. பிளவில் உண்டான துண்டுகள் சிதைந்துகொண்டே இருப்பதால், நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்தில் 6, 7 சதவீதம் மிச்சமிருக்கும். 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் உலையில் அது ஏறத்தாழ 200 மெகாவாட் வெப்பம். 2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமாவில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் நிலநடுக்கம் வந்ததும் ஒழுங்காகவே நின்றன. அப்புறம் வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிர்விக்க வழியில்லாமல் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. 1986இல் செர்னோபிலில் நடந்தது வேறு. அங்கே உலை ஓடும்போதே வினை கைமீறி வெடித்தது.

செலவுக்கும் சொல்லுக்கும் சம்பந்தமில்லை, அதனால் சுருக்கமாக: பின்லாந்தின் ஓல்கிலுவோட்டோ 3 உலையை 2005இல் கட்டத் தொடங்கினார்கள், 2009இல் முடிப்பதாகத் திட்டம், வழக்கமான உற்பத்தி தொடங்கியது 2023இல். எரிபொருள் மலிவு, கட்டுமானமும் வட்டியும்தான் கழுத்தை நெரிப்பவை.

இனி எந்தச் சொல்லை எங்கே போடுவது? அணுமின் நிலையம், அணு உலை, அணுகுண்டு எல்லாம் அப்படியே இருக்கலாம். ஆங்கிலத்திலும் முதலில் அணுவைத்தான் சொன்னார்கள். 1957இல் தொடங்கிய சர்வதேச அணுசக்தி முகமையின் ஆங்கிலப் பெயரில் இன்றும் அட்டாமிக் என்றுதான் இருக்கிறது. அறிவியல் விளக்கம் எழுதும்போது மட்டும் அணுக்கரு ஆற்றல், அணுக்கருப் பிளவு, அணுக்கரு இணைவு என்று கருவைச் சேர்த்து எழுதுவது நல்லது. பவர் என்பதற்கு இயற்பியலில் திறன் என்று பெயர், அதை வாட்டில் அளப்பார்கள். ஆனாலும் நியூக்ளியர் பவரை அணுத்திறன் என்று பெயர்க்க வேண்டாம். அங்கே குறிப்பது கம்பியில் வரும் மின்சாரத்தை என்றால் அணுமின்சாரம் என்றே எழுதலாம்.