ஹார்ட்டாப் காருக்குத் தமிழ் என்ன?

'கடினக்கூரை நிலைய வண்டி.' போன வாரம் 1957 பியூக் கபல்யேரோ என்ற அமெரிக்கக் காரின் புகைப்படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருந்ததைப் பார்த்தேன். ஹார்ட்டாப் ஸ்டேஷன் வேகனாம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் அடுக்கியிருக்கிறார்கள். இதைப் பார்ப்பது முதல் தடவையும் இல்லை.

ஸ்டேஷன் வேகனை முதலில் முடித்துவிடலாம். அமெரிக்காவில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களையும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு ஹோட்டலுக்குப் போன வண்டி அது. பெயர் அப்படி வந்ததுதான். 1929இல் ஃபோர்டு தன் மாடல் ஏ வரிசையில் மர உடல் வைத்த ஸ்டேஷன் வேகனை விற்றது. அப்புறம் மரம் போய் இரும்பு வந்தது, ரயிலடி உறவும் அறுந்தது. நமக்கோ ஸ்டேஷன் என்றாலே போலீஸ் ஸ்டேஷன்தான். நிலைய வண்டி வந்தால் உள்ளேயிருந்து ஏட்டையா இறங்குவார் என்றுதான் தோன்றும். கூரை பின்கதவு வரை நீண்டு சாமான் வைக்கும் இடத்தையும் மூடுகிறதே, அதுதான் இந்தக் காரின் அடையாளம். அமெரிக்க ரசிகர்களே செல்லமாக 'லாங்ரூஃப்' என்கிறார்கள். நமக்கும் நீள்கூரைக் கார் போதும்.

கடினக்கூரைதான் பெரிய வம்பு. சாதாரண செடான் காருக்கும் இரும்புக் கூரைதானே? அது என்ன மென்கூரையா? துணிக்கூரையை மடக்கிவிடும் கன்வர்ட்டிபிள் காரின் அழகு வேண்டும், மழைக்கு ஒழுகவும் கூடாது என்று கேட்டவர்களுக்காக, அதே தோற்றத்தில் கூரையை நிரந்தரமாகப் பொருத்திக் கொடுத்தார்கள். 'ஹார்ட்டாப் கன்வர்ட்டிபிள்' என்ற பெயர் சுருங்கி ஹார்ட்டாப் ஆனது. 1949இல் பியூக் ரிவியேரா, காடிலாக் கூப் டிவில், ஓல்ட்ஸ்மொபைல் ஹாலிடே மூன்றும் இந்த உருவில் வந்த பிறகு அது பெரிய மோகமாகிவிட்டது.

செடானில் முன்கதவுக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரை ஒரு தூண் ஏறும். ஹார்ட்டாப்பில் அது சன்னல் மட்டத்தோடு நின்றுவிடும். கதவுக் கண்ணாடியைச் சுற்றிச் சட்டமும் கிடையாது. முன்னும் பின்னும் கண்ணாடிகளை இறக்கிவிட்டால் பக்கவாட்டில் ஒரே திறப்பு, நடுக்கால் இல்லாத பந்தல் மாதிரி. ஆக, இந்தப் பெயரின் உயிர், அங்கே இல்லாமல் போன அந்தத் தூணில்தான் இருக்கிறது. கூரையைப் பிடித்துத் தொங்குகிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்?

ஒரு சோதனை வைப்போம். 1955 முதல் 1957 வரை வந்த ஷெவ்ரலே நோமட் இரண்டு கதவு நீள்கூரை. பார்ப்பதற்கு ஹார்ட்டாப் போலவே துள்ளலாக இருக்கும். ஆனால் சாய்வாக ஒரு நடுத்தூண் உண்டு. கபல்யேரோவில் அது இல்லை. கடினக்கூரை என்ற சொல்லால் இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள், பார்க்கலாம். முடியாது, இரண்டுக்குமே கூரை இரும்பு.

நான் சொல்வது நடுத்தூணிலி. கரடுமுரடு என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மண்புழுவை முதுகெலும்பிலி என்று படித்தபோது யாருக்கும் நாக்கு சுளுக்கவில்லையே! அதுவும் வேண்டாமென்றால் ஹார்ட்டாப் என்றே எழுதுங்கள். தப்பான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல். தனித்தமிழ் அன்பர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இதே கை செய்த இன்னொரு வேலை, ஃபோர்டு முஸ்டாங் காரின் ஃபாஸ்ட்பேக் வகையை 'வேகமுதுகு' ஆக்கியது. 1964 ஏப்ரலில் முஸ்டாங் ஹார்ட்டாப்பாகவும் கன்வர்ட்டிபிளாகவும் வந்தது; கூரை பின்முனை வரை ஒரே சரிவாக இறங்கும் ஃபாஸ்ட்பேக் சில மாதம் கழித்துத்தான் சேர்ந்தது. முதுகுக்கு ஏது வேகம்? சரிகூரை என்றால் படம் தானாக மனத்தில் வரும். காரை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தால் இந்தத் தொல்லையே இருக்காது.

ஆனால் கடினக்கூரை பொருந்தும் இடமும் ஒன்று உண்டு. 1955 ஃபோர்டு தண்டர்பேர்ட் கழற்றி மாட்டும் ஃபைபர்கிளாஸ் கூரையோடு வந்தது. அந்தத் தனிக் கூரைக்கும் ஹார்ட்டாப் என்றுதான் பெயர். அதைக் கடினக்கூரை என்று எழுதிக்கொள்ளட்டும், எனக்குச் சண்டை இல்லை.